பட்டித்தரையில் பொறுக்கிய விதைகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் நாற்றங்கால் பொறுப்பில் இருந்த காலத்தில், கருவேல விதைக்காக நான் மரத்தடிக்குப் போனதைவிட ஆட்டுப்பட்டிக்குப் போனதே அதிகம். கோடையில் ஆட்டுமந்தை மேய்க்கும் கீதாரிகள் தொரட்டியால் உலுக்கிப் போடும் சாம்பல்நிறக் காய்களைப் பகலில் விழுங்கும் ஆடுகள், இரவில் படுத்து அசைபோடும்போது பல்லுக்கு அகப்படாத விதைகளை உதிர்த்துவிடும். விடியலில் புழுக்கையோடு கூட்டியள்ளி முறத்தில் புடைத்தால் விதை தனியே நிற்கும். ஆட்டின் வயிற்றில் ஊறித் தோல் இளகிய அந்த விதை, காயை உடைத்தெடுத்த விதையைவிட எங்கள் பைகளில் விரைந்து முளைத்தது.

அதே வழியில் ஒரு பிழையும் செய்தேன். ஓராண்டு தொழு உரத்துக்குத் தட்டுப்பாடு வர, கண்மாய்க்குள் மேய்ந்த மாடுகளின் காய்ந்த சாணத்தை மக்கவிடாமல் மண்ணோடு கலக்கச் சொன்னேன்; அவசரம் என்னுடையதுதான். சில வாரங்களில் பல பைகளில் இரண்டு மூன்று கன்றுகள் தலைகாட்டின. இலை ஒன்றுபோலவே இருந்ததால் முதலில் மகிழ்ந்தும் போனேன். விதை தரும் கீதாரி ஒருவர் மிஞ்சிய வறட்டியொன்றை என் முன்னே உடைத்து, "ஐயா, இதுல பூராம் சீமை வெதை" என்றார். சாணத்தின் நார்களுக்கிடையே, வெளிறிய தோல்கூடு கழலாமல், விதைகள் முழுசாக அமர்ந்திருந்தன.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலத்தின் நெற்று இனிப்பானது. ஆடு அதை அரைத்து மெல்வதால் விதைகளில் பெரும்பகுதி நொறுங்கிவிடும். மாடு அவ்வளவு மெல்லாமல் விழுங்குவதால், கடினமான கூட்டுக்குள் இருக்கும் விதை ஈரமும் எருவும் சேர்ந்து வெளியேறுகிறது. மாட்டுத்தடம் நெடுகிலும், மாடுகள் மதியம் ஒதுங்கும் கரையோரத்திலும் புதர் முதலில் எழுவதன் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. புதர் அடைத்துக்கொண்டால் அதனடியில் புல் குறைகிறது. புல் குறைந்தால் மாடு நெற்றையே நாடுகிறது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது நல்லதே. ஆனால் நெற்று பழுத்து உதிர்ந்தபின் இயந்திரத்தை இறக்குவது, என் கணக்கில், பாதி வேலைதான்.

நாங்கள் நட்ட கருவேலங்களுக்கு அடியிலோ, யாரும் நடாத வேம்பு முளைத்தது. கிளையில் வந்தமர்ந்த மைனாக்களும் கொண்டைக்குருவிகளும் பழச்சதையை உண்டு போட்ட கொட்டைகள் அவை. முள் காவலாக இருந்ததால் ஆடு வாய்வைக்கவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி அவற்றை எங்கள் நடவுக் கணக்கில் சேர்க்கச் சொன்னார். நான் சேர்க்கவில்லை.