முனையை மாற்றியிருக்கலாம்

"அண்ணா, முனைய மாத்தி ஒரு பல்ஸ் குடுத்துட்டு அப்புறம் ஏத்தலாமா?"

"அது எங்க போகப்போகுது, நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னும் அரை வோல்ட் ஏத்து" என்றேன்.

ஏத்தினாள். மல்டிமீட்டரில் ஓஎல், கரண்ட் போக வழியில்லை. கம்பி போயிற்று.

அன்று காலைதான் முதல்முறையாக வால் நகர்ந்திருந்தது. (காந்தக் கம்பியில் எதிரெதிர்த் திசையில் காந்தமான இரு பகுதிகளுக்கு நடுவில் இருக்கும் எல்லைச் சுவர்தான் டொமைன் வால். லேபில் வெறும் 'வால்' என்போம். "வால் நகந்துச்சா?" என்று நாங்கள் கத்துவது பக்கத்து லேபுக்குப் பெரிய வேடிக்கை.) காந்த ஊசியால் தடவிப் படமெடுக்கும் நுண்ணோக்கியான எம்.எஃப்.எம். படத்தில் அது ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். கரண்ட் பல்ஸுக்குப் பின் ஒன்றரை மைக்ரான் தள்ளி நின்றது, எலெக்ட்ரான் போகும் பக்கமாக. எங்கள் கம்பி பெர்மலாய், நிக்கல்-இரும்புக் கலவை. அதில் அப்படித்தான் போக வேண்டும்.

ஆனால் ஒரு தடவை ஒரு பக்கம் போனதை வைத்து என்ன சொல்ல? கம்பி 250 நானோமீட்டர் அகலம், 10 நானோமீட்டர் தடிமன். இரண்டரை மில்லியாம்பியர் விட்டாலே சதுர மீட்டருக்கு லட்சம் கோடி ஆம்பியர் ஆகிவிடும். அந்தச் சூட்டில், விளிம்பின் சொரசொரப்பில் மாட்டியிருந்த சுவர் தானாகக் கழன்றிருக்கலாம். எம்.எஃப்.எம். ஊசியே இழுத்திருக்கலாம். கரண்டைத் திருப்பினால் சுவரும் திரும்புகிறதா என்று பார்த்தால்தான் சந்தேகம் தீரும். 2004ல் வினாடிக்கு சுமார் 3 மீட்டர் வேகத்தில் சுவரை நகர்த்திய ஜப்பானியக் குழு, திருப்பியும் காட்டியது. அடுத்த வருடம் கம்பி எவ்வளவு சூடாகிறது என்று அவர்களே தனிக் கட்டுரையும் எழுதினார்கள். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்.

ஆறு மணிக்கு மெஷினை அடுத்தவர்களுக்கு விட வேண்டியிருந்தது, உண்மைதான். திருப்பிக் கொடுத்த பல்ஸிலும் கம்பி செத்திருக்கலாம். ஆனால் காலையில் அதே வோல்ட்டைத் தாங்கிய கம்பி அது. திரும்பாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் தள்ளிப்போட்டேனோ? அன்றைக்கு அப்படித் தோன்றியதாக நினைவில்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் (எஸ்.இ.எம்.) பார்த்தபோது, தீயில் காட்டிய நைலான் நூல்போல அறுந்த இரு முனைகளும் உருண்டிருந்தன. காலையில் எடுத்த படத்தை குரூப் மீட்டிங்கில் காட்டினேன். 'ஒரே ஒரு நிகழ்வு' என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சாம்பிளில் சுவர் இரண்டு பக்கமும் நகர்ந்தது. அந்தக் கம்பியில் நகர்த்தியது எது என்பதற்கு அது பதிலாகுமா?

போன மாதம் அவளிடமே கேட்டேன், அந்தக் கம்பி ஞாபகம் இருக்கா என்று.

"எந்தக் கம்பிண்ணா? எத்தனையோ போச்சே."

அவளுடைய நோட்டில் இப்போது எந்தக் கம்பிக்கும் முதல் வரி பிளஸ், இரண்டாம் வரி மைனஸ். வோல்ட் மூன்றாவது வரியில்தான் ஏறுகிறது.