சட்டம் படிக்காதவரின் விண்ணப்பம்

"சட்டப் பின்புலம் இல்லாத நீங்கள் ஏன் சுற்றுச்சூழல் சட்டத்தில் முதுகலை படிக்க விரும்புகிறீர்கள்?" விண்ணப்பத்தின் இந்தக் கேள்விக்கு இன்று பதில் எழுதினேன்.

நீர் மாதிரிகளைச் சோதிப்பது என் பணி. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. தாண்டினால் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிடுவோம், அத்துடன் எங்கள் வேலை முடிந்துவிடும். அந்த எண்ணை வைத்து யார், யாரை, எந்த விதியின் கீழ் கேள்வி கேட்கலாம் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்தப் பட்டம் மட்டும் யாரையும் வழக்கறிஞராக்காது. விண்ணப்பிப்பவர்கள் இதை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

ஆனால் ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை வரிவரியாகப் படித்து ஆட்சேபணை எழுத வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. தகவல் பெறவும் முடிவெடுப்பதில் பங்கேற்கவும் மக்களுக்கு வழி இருக்க வேண்டும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் நாடுகள் ஏற்றுக்கொண்ட 1992 ரியோ பிரகடனத்தின் 10ஆவது கோட்பாடே சொல்கிறது.