மூன்றாவது பென் டிரைவில் திரை வந்தது: 5600ஜி பட்ஜெட் பிசி, இதுவரை

நானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில், நேற்று இரவு 11.15-க்கு பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) பக்கம் திரையில் வந்தது. நான்கு நாளாக விசிறி சுற்றும், போர்டு ஓரத்தில் சிபியு என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரியும், திரை மட்டும் கருப்பாகவே இருக்கும். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எழுப்பிக் கூட்டி வந்து காட்டினேன்.

இது என் முதல் அசெம்பிள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஏற்கெனவே இருப்பதால் பெட்டிக்கு மட்டும் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி புராசசர் 11,800, பி450 சிப்செட் மதர்போர்டு 5,600, 3200 வேகத்தில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு 3,300, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 2,900, 450 வாட் 'ப்ரான்ஸ்' (வெண்கல) தர எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை 3,400, கேபினெட் 2,200. மொத்தம் 29,200, ஜிஎஸ்டி பில்லோடு. பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். மூன்று வருட வாரண்டி கேட்டுப் போய் நிற்க அந்தக் காகிதம்தான் வேண்டும்.

செங்கல்பட்டிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து நடையாக, சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. முதல் கடையிலேயே, "தம்பி, இவ்ளோ செலவு எதுக்கு? ஐ5 செட் 12,000-க்கு ரெடியா இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். பார்த்தால் மூன்றாம் தலைமுறை ஐ5, ஹெச்61 போர்டு. 2012-ல் வந்த புராசசர். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும். டைப்பிங்குக்கும் டேலிக்கும் அந்த செட் தாராளமாகப் போதும். தம்பி இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். அவன் கேட் (CAD, கணினியில் வரையும் டிசைன்) மாடல்களுக்கும் என் போட்டோ எடிட்டிங்குக்கும் போதாது.

இன்டெல் ஐ3 12100எஃப் புராசசரும் யோசனையில் இருந்தது. பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு வாங்கியே ஆக வேண்டும். என் பட்ஜெட்டில் மிஞ்சும் காசுக்குக் கிடைக்கும் கார்டை விட 5600ஜி-க்குள் இருக்கும் வேகா 7 கிராபிக்ஸ் நன்றாகவே ஓடும். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். இந்த விலைக்கு எனக்கு இதுதான் சரியாகப் பட்டது.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டி மேல் போட்ட வாட்டை நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினெட்டோடு சேர்த்துத் தருகிறேன் என்று ஒருவர் நீட்டியதில் 500 வாட் என்று பெரிய எழுத்து. லேபிளில் 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர். பெருக்கினால் 180 வாட். நான் வாங்கியதில் 37 ஆம்பியர், அதாவது 444 வாட். புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன, அதனால் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

இனி மதர்போர்டு. நான்கு நாள் போனது இதில்தான்.

புராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் ரைசனோடு 2017-லேயே பரவலாக வந்துவிட்டது. பி450 2018-ல் வந்தது, 5600ஜி கடைக்கு வந்தது 2021-ல். புராசசர் சாக்கெட்டில் அழகாக உட்காரும், ஆனால் போர்டில் இருக்கும் பயாஸ் பழையதாக இருந்தால் அதற்கு இந்தப் புராசசரை அடையாளமே தெரியாது. 5000 வரிசைக்குத் தயார் என்று அட்டைப்பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கவலையில்லை. என் பெட்டியில் அது இல்லை. கடையில் கேட்டேன். "எல்லாம் அப்டேட் ஆனதுதான், கொண்டு போங்க" என்றார். அது பழைய ஸ்டாக் என்பது வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகுதான் தெரிந்தது. திருப்பிக் கொண்டுபோனால், பயாஸ் ஏற்றித் தர 500 ரூபாய் தனி என்கிறார்கள். சொல்லி விற்றிருந்தால் மனம் வந்து கொடுத்திருப்பேன்.

ஒரு விஷயத்தில் தப்பித்தேன். இதைவிட 700 ரூபாய் குறைவான போர்டும் அங்கே இருந்தது. பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பொத்தான் இருந்ததால்தான் இதை எடுத்தேன். அந்தப் பொத்தானுக்குப் புராசசரே வேண்டாம். 24 பின் வயரையும் மேலே உள்ள 8 பின் வயரையும் செருகி, எஸ்எம்பிஎஸ் சுவிட்சைப் போட்டு, கோப்பு வைத்த பென் டிரைவைக் குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால் போர்டு தானே படித்துக்கொள்ளும்.

படிக்கவில்லை. முதலில் 64 ஜிபி பென் டிரைவ். பொத்தான் பக்கத்து விளக்கு மூன்று முறை மினுக்கிவிட்டு அப்படியே எரிந்துகொண்டு நின்றது. அது எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருந்தது, போர்டு கேட்பது ஃபேட்32 ஃபார்மட். விண்டோஸின் ஃபார்மட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 என்ற தேர்வே வரவில்லை. சரி என்று 16 ஜிபி ஒன்றை எடுத்தேன். ஃபேட்32-தான், ஆனாலும் அதே மூன்று மினுக்கல். யோசித்துப் பார்த்தால் எப்போதோ அதில் லினக்ஸ் இன்ஸ்டாலர் போட்டிருந்தேன், உள்ளே இரண்டு பார்ட்டிஷன். அதைத் துடைத்து ஒன்றாக்கியும் மினுக்கி நின்றது. அன்று இரவு இரண்டு ராமையும் மாற்றி மாற்றி மாட்டி, புராசசரைக் கழற்றி அடியில் 1,331 பின்னையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட வளையவில்லை. அதன் பிறகுதான் கோப்பின் பெயர் கண்ணில் பட்டது. கையேட்டில் சொன்ன பெயரை அப்படியே அடித்து மாற்றியிருந்தேன். பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைத்து வைத்திருந்ததால், எக்ஸ்டென்ஷன் இரண்டு முறை சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

பெயரைச் சரிசெய்தும் அந்த 16 ஜிபி ஏறவில்லை. அப்புறம் அக்கா கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் போட்டுக்கொடுத்த பழைய 8 ஜிபி பென் டிரைவ் ஞாபகம் வந்தது. யுஎஸ்பி 2 காலத்துச் சாமான். வீடியோவை லேப்டாப்பில் பத்திரமாக ஏற்றிக்கொண்டு, ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, கோப்பைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். விளக்கு மெதுவாக மினுக்க ஆரம்பித்தது, மூன்றைத் தாண்டியது. பிறகு வேகமாக மினுக்கியது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு செத்துப்போகலாம், அதனால் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில்தான் போட்டிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கும் மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்தது. பவர் போட்டேன். சிவப்பு விளக்கு சிபியுவிலிருந்து, ராமைக் குறிக்கும் டிராமுக்கு நகர்ந்து, அங்கே அரை நிமிடம் நின்று, போய்விட்டது. திரை வந்தது.

பி450 பழைய ஸ்டாக் வாங்குகிறவர்கள் வீட்டில் ஒரு பழைய சின்ன பென் டிரைவை எடுத்து வையுங்கள். பொத்தான் இல்லாத போர்டை ஸ்டிக்கர் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

திரை வந்த கையோடு ராமைச் சோதித்துப் பார்த்தேன். 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்கினால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். தனி கார்டு இருப்பவர்களுக்கு அது சரிப்படலாம். 5600ஜி போல உள்ளே கிராபிக்ஸ் இருக்கும் புராசசருக்கு ராம்தான் வீடியோ மெமரியும். 3200 வேகத்தில் ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனலில் போட்டால் 51.2. புராசசரும் கிராபிக்ஸும் அந்த ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒரு குச்சியைக் கழற்றிவிட்டு ஜிடிஏ 5 கேம் போட்டுப் பார்த்தேன், நொடிக்கு 40 ஃபிரேமைச் சுற்றியே தடுமாறியது. இரண்டையும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டதும் அதே இடத்தில் 60-ஐத் தாண்டி நின்றது. பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் இது கிடைக்காது. பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பு) போட மறக்காதீர்கள். என் ராம் அதுவரை 2666-ல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கூலர் பற்றி ஒரு வரி. புராசசரோடு வரும் கூலருக்கு, போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது பின்னால் இருக்கும் தகடு கீழே விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு திருகையும் குறுக்குவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். பேஸ்ட் அதிலேயே தடவி வருகிறது.

இன்னும் வயர் கட்டவில்லை, கேபினெட்டின் பக்கக் கதவு சுவரில் சாய்ந்திருக்கிறது. அதற்குள் தம்பி கிராபிக்ஸ் கார்டு பற்றி ஆரம்பித்துவிட்டான். அவன் ஏஎம்டியின் 6500 எக்ஸ்டி கேட்கிறான். அந்தக் கார்டு போர்டோடு பேச நான்கு லேன், அதாவது பாதைதான், 5600ஜி தருவதோ வேகம் குறைந்த பழைய பிசிஐஇ 3 இணைப்பு. இரண்டும் சேர்ந்தால் கார்டின் வேகம் நன்றாகவே அடிபடும். எட்டு லேன் உள்ள 6600 பழையதாக, பில்லோடு, நல்ல விலைக்கு வந்தால் எடுக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கும் முன்னால் பின்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி வேண்டும். சனிக்கிழமை மறுபடி ரிச்சி தெரு. வீடியோ இருந்த பென் டிரைவ் இப்போது பயாஸ் கோப்போடு கேபினெட் உள்ளேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. அக்காவுக்குப் புதிதாக ஒன்று வாங்கித் தர வேண்டும்.