தட்டில் கொழகொழத்தால் போதுமா?

வேரோரம் வாழும் சில பாக்டீரியாக்கள் சுரக்கும் சர்க்கரைப் பசை, மண்ணை வேரோடு கட்டி வறட்சியில் செடிக்கு உதவும். அதனால் சர்க்கரை கலந்த ஊடகத் தட்டில் ஒரு காலனி (ஒரே இடத்தில் பெருகிய பாக்டீரியாக் கூட்டம்) சளிபோலப் பளபளத்து எழும்பியதும், வறட்சிக்கு ஏற்ற பாக்டீரியா கிடைத்துவிட்டதாகக் குறித்துவைப்பவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். 5 சதவீத சுக்ரோஸ் இருந்தால் பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகள் பல லெவான் என்ற சர்க்கரைப் பசையைச் சுரந்து தள்ளும். அதைக் கட்டும் லெவான்சுக்ரேஸ் நொதிக்கு மூலப்பொருளே சுக்ரோஸ்தான். வேரோரம் அவ்வளவு சர்க்கரை ஏது?

தட்டுச் சோதனை முதல் சல்லடை மட்டுமே. வேரில் ஒட்டிய மண் 10 கிராமை, 0.85 சதவீத உப்புக் கரைசல் 90 மி.லி.யில் குலுக்கி, லட்சத்தில் ஒரு பங்குவரை நீர்த்துப் பரப்பலாம். ஊசியால் தொட்டு இழுத்தால் நூல் விடும் காலனிகளை எடுத்து, நீரைப் பிடித்துவைத்து வறட்சி நிலையை உண்டாக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000 கலந்த திரவ ஊடகத்திலும் கலக்காததிலும் ஒருசேர வளர்க்க வேண்டும். தட்டை உறையவைக்கும் அகாரில் அந்தக் கிளைக்காலைக் கலந்தால் தட்டு சரியாக உறையாது.

அடுத்தது அளவீடு; பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பசை கெட்டியாக இருந்தால் சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) செல்கள் அடியில் படியாது. உப்புக் கரைசலால் நீர்த்துவிட்டு மறுபடி சுழற்றுங்கள். செல்கள் படிந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரில் இரண்டு மூன்று பங்கு குளிர்ந்த எத்தனால் ஊற்றி 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் பசை திரியும். ஆனால் புரதமும் உப்பும் கூடவே வீழும். சர்க்கரையை நிறமாக்கி அளக்கும் ஃபீனால்–கந்தக அமில முறையில், 490 நானோமீட்டர் ஒளியில் பார்க்கும்போது, மிச்சமிருக்கும் சுக்ரோஸும் அதே நிறம் தரும். டயாலிசிஸ் (சிறு மூலக்கூறுகளைச் சவ்வு வழியே வெளியேற்றுவது) செய்யாமல் கிடைத்த அளவை நம்பாதீர்கள். பாக்டீரியா சேர்க்காத ஊடகத்தையும் இதே வழியில் நடத்தி, அந்த அளவைக் கழிக்கவும். வறட்சியில் செல்களும் குறையும். அதனால் லிட்டருக்கு எவ்வளவு என்பதைவிட, ஒரு மில்லிகிராம் செல் புரதத்துக்கு எவ்வளவு பசை என்பதே நியாயமான ஒப்பீடு.

அடிக்கடி மறுவளர்ப்பு செய்தால் சில வகைகள் பசை சுரப்பதையே விட்டுவிடும். முதல் தலைமுறையிலேயே கிளிசராலில் உறையவைத்துவிடுவது நல்லது.

தொட்டிச் சோதனையில் செடியைப் பிடுங்கி மெதுவாக உதறி, வேரோடு தங்கிய மண்ணைக் கழுவி எடுத்து 105 டிகிரியில் உலர்த்துங்கள். அந்த எடையை உலர்ந்த வேரின் எடையால் வகுத்தால் பசை மண்ணைக் கட்டியிருக்கிறதா என்று தெரியும். பூஞ்சைக்கொல்லி பூசிய விதையை இதற்கு எடுக்கக் கூடாது. வெறும் தண்ணீர் விட்ட தொட்டியோடு மட்டும் ஒப்பிடுவதும் போதாது. ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) கொன்ற அதே வளர்ப்பு நீரை ஊற்றிய தொட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும்; இல்லையேல் ஊடகத்தின் சத்தில் செழித்த செடிக்கு பாக்டீரியா பெயர் வாங்கிக்கொள்ளும்.