பதவி போன பிறகும் வேலைக்குப் போவது

நான் டீம் லீடராக இருந்த பிரிவுக்குப் புது மேலாளர் வந்தார். மூன்றாவது வாரம் என் பொறுப்பு பக்கத்து இருக்கைக்காரருக்குப் போய்விட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. சம்பளம் அதேதான், நாற்காலியும் அதேதான். மறுநாள் காலை அந்த அலுவலகப் படியேற எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

அது 2019 ஜூன். பிரான்சில் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. தூக்கம் வராமல் நள்ளிரவில் பார்க்க ஆரம்பித்தவன், பிரான்ஸ் அணியின் வெண்டி ரெனாரிடம் நின்றுவிட்டேன். ஆறடியைத் தாண்டிய உயரம், முதுகில் மூன்றாம் எண். பாரிஸில் நடந்த தொடக்க ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராகத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். கோல் விழாமல் தடுப்பதே வேலையான ஒரு டிஃபெண்டர்! யார் இவர் என்று தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. 2013 முதல் பிரான்சின் கேப்டனாக இருந்தவரிடமிருந்து, 2017-ல் புதிதாக வந்த பயிற்சியாளர் கொரின் தியாக்ர் கையில் கட்டும் கேப்டன் பட்டையை எடுத்து அமாண்டின் ஆன்ரியிடம் கொடுத்திருந்தார். ஆன்ரி, பிரான்சின் லியோன் கிளப்பில் ரெனாரோடு சேர்ந்து ஆடியவர். எனக்குச் சட்டென்று நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

அடுத்த ஆட்டம் நார்வேயோடு. பக்கவாட்டிலிருந்து வந்த பந்தைத் தடுக்கப்போய் ரெனாரே தன் வலைக்குள் தட்டிவிட்டார். சேம்சைடு கோல். டிஃபெண்டர் வேலையின் கொடுமை இதுதான்: தொண்ணூறு நிமிடம் சரியாக ஆடினால் யாரும் கவனிப்பதில்லை, ஒரு நொடி பிசகினால் உலகமே பார்க்கும். பிரான்ஸ் எப்படியோ 2-1 என்று வென்றது. ஐந்து நாள் கழித்து நைஜீரியாவோடு ஆட்டம். கோல் எதுவும் விழாத நிலையில் பிரான்சுக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் ரெனார்தான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. கீப்பர் முன்னதாகவே கோட்டைவிட்டு நகர்ந்ததால் மறுபடி அடிக்கச் சொன்னார்கள். வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவரே போய் நின்றார், அடித்தார், 1-0. அன்றைக்குக் காலையில் நான் படியேறியது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

அப்புறம் அவருடைய பழைய கதையையும் படித்தேன். கரீபியக் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில், நான்கு பெண்களில் கடைக்குட்டி. எட்டு வயதில் அப்பாவை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பள்ளியில் என்ன வேலைக்குப் போகப்போகிறாய் என்று கேட்டபோது கால்பந்து வீராங்கனை என்று எழுதிக் கொடுக்க, அப்படியொரு வேலையே கிடையாது என்று பதில் வந்ததாம். பதின்ம வயதில் சுமார் 7,000 கிலோமீட்டர் பறந்துவந்து தேசியப் பயிற்சி மையத்தின் தேர்வுக்குப் போனார். எடுக்கவில்லை. லியோன் எடுத்துக்கொண்டது. 2006-ல் சேர்ந்தபோது வயது 16. அங்கிருந்து நகரவே இல்லை. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை 2011-லிருந்து 2022-க்குள் எட்டு முறை வென்றார். இல்லை என்று சொல்லப்பட்ட வேலையில்தான் இவ்வளவும்.

2021-ல் கேப்டன் பட்டை அவரிடமே திரும்பி வந்தது. நான் அசந்துபோனது அதற்குப் பிறகு நடந்ததில். 2023 பிப்ரவரி 24 அன்று, உலகக் கோப்பைக்கு ஐந்தே மாதம் இருக்கும்போது, இன்றைய அமைப்பு முறையை இனியும் தாங்கிப் பிடிக்க முடியாது, என் மனநலத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்துவிட்டு தேசிய அணியிலிருந்து விலகினார். அன்றே சக வீராங்கனைகள் கடோட்டோவும் தியானியும் பின்தொடர்ந்தார்கள். பட்டையைப் பிடுங்கியபோது விலகியிருந்தால் பதவிக் கோபம் என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அப்போது வாய் திறக்காமல் ஆடியவர், பட்டை கையில் இருக்கும்போது எழுந்து போனார். பொறுத்துக்கொள்வது எதுவரை என்ற கேள்விக்கு நான் பார்த்த மிகத் தெளிவான பதில் அது. எனக்கு அந்தத் தெளிவு வர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

இரண்டே வாரத்தில் தியாக்ர் நீக்கப்பட்டார். எர்வே ரெனார் பயிற்சியாளராக வந்தார். பெயர் ஒன்றுதானே தவிர உறவில்லை. வெண்டி திரும்பி வந்தார். ஜூலையில் பிரிஸ்பேன் நகரில் பிரேசிலோடு 1-1 என்று இருந்த ஆட்டத்தில், 83-ஆவது நிமிடம் ஒரு கார்னர். தூரக் கம்பத்தருகே அவரை யாரும் பிடிக்கவில்லை. அந்த உயரத்தை எப்படி விட்டார்கள் என்று இன்றும் புரியவில்லை. தலையால் முட்டினார், உள்ளே போனது. நான் வீட்டில் எழுந்து நின்று கத்தினேன்.

அந்த உலகக் கோப்பையை பிரான்ஸ் வெல்லவில்லை. காலிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் பெனால்டியில் போனது. தேசிய அணியோடு ஒரு பெரிய கோப்பைகூட அவருக்கு இதுவரை கிடைக்கவில்லை, அது எனக்கு வருத்தம்தான். 2025 ஐரோப்பியக் கோப்பைக்கான அணியை அடுத்த பயிற்சியாளர் லோரான் பொனாதே அறிவித்தபோது பட்டியலில் அவர் பெயரே இல்லை. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதுதான் அவருக்கு 35 வயது நிறைந்தது. பருவம் தொடங்கியதும் லியோனுக்குப் போய், அதே மூன்றாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டார்.