சிம்ப்சன்ஸ் நான்காவது சீசன்: மறுபடி பார்க்கும் நாட்குறிப்பு

ஜூன் 7, 2025

நாலு டிஸ்க், 22 எபிசோட். ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் நான்காவது சீசனை முதலிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் 1992 செப்டம்பரில் தொடங்கி 1993 மே வரை ஓடிய சீசன். டிவிடி பெட்டி 2004 ஜூனில் வந்தது. அத்தான் அங்கிருந்து வரும்போது வாங்கி வந்தது, ரீஜன் 1 டிஸ்க், அதாவது வட அமெரிக்க ப்ளேயர்களுக்கானது. எல்லா ரீஜனும் ஓடுகிற பழைய ப்ளேயர் ஒன்று இன்னும் உயிரோடு இருப்பதால் பிரச்சினை இல்லை.

“எல்லாம்தான் ஆன்லைன்ல இருக்கே, எதுக்குப்பா டிஸ்க்?” என்றாள் மகள். இரண்டு காரணம் சொன்னேன். ஒவ்வொரு எபிசோடுக்கும் அதை எழுதியவர்கள், இயக்கியவர்கள் கூடி உட்கார்ந்து பேசும் கமெண்டரி இதில் இருக்கிறது. இரண்டாவது, படத்தின் அளவு. அதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம்; பீர் எபிசோட் வரட்டும் என்றேன்.

முதல் எபிசோட் கிரஸ்டி கோமாளியின் பெயரில் நடக்கும் கோடை முகாம். டிவியில் பார்த்த கோமாளியை நம்பிப் போன பிள்ளைகளுக்கு அங்கே கிடைப்பது கஞ்சியும் கட்டாய வேலையும். தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் இந்தக் கதையை சினிமாவாகவே எடுக்கலாம் என்று ஆசைப்பட்டிருக்கிறார். ஆனால் டிவி நேரத்துக்கே நீளம் போதாமல், முகாம் பாட்டை இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். அந்த இழுவை எனக்குத் துளியும் உறுத்தவில்லை.

நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த இடம் வேறு. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அப்பா ஹோமருக்குத் தொப்பை கரைகிறது, வழுக்கையில் முடி முளைக்கிறது. டிவி செய்தியில் முகாம் கலவரம். தலைமை தாங்குவது தன் பையனாக மட்டும் இருக்கக் கூடாது என்று முணுமுணுக்கிறான். பார்ட்டின் முகம் திரையில் வருகிறது. முளைத்த முடி அப்படியே உதிர்கிறது, தொப்பை ஒரே துள்ளலில் வெளியே வந்து விழுகிறது. ஒரு தகப்பனின் மனநிலை முழுவதையும் வயிற்றையும் மயிரையும் வைத்தே சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஜூன் 8

மார்ஜ் நாடகத்தில் நடிக்கும் எபிசோட். டென்னஸி வில்லியம்ஸின் புகழ்பெற்ற நாடகத்தைப் பாட்டு நாடகமாக்கி உள்ளூர்க் குழு போடுகிறது. அதில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் கேவலமாகச் சொல்லும் ஒரு பாட்டு வந்து, அந்த ஊரில் பெரிய கொந்தளிப்பு. அடுத்த வார எபிசோடின் தொடக்கத்தில், பார்ட் கரும்பலகையில் நியூ ஆர்லியன்ஸை இழிவுபடுத்த மாட்டேன் என்று எழுதிக்கொண்டிருப்பான். சீக்கிரம் கேட்ட மன்னிப்பு, நல்ல மன்னிப்பு.

ஆனால் எனக்கு இந்த எபிசோட் என்றால் கடைசி ஒரு நிமிடம்தான். வீட்டில் டிவியும் வீடியோ கேமுமாகக் கிடந்து, மனைவியின் ஒத்திகையை ஒரு பொருட்டாகவே நினைக்காத ஹோமர், நாடகம் முடிந்ததும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். தூங்கிவிட்டான் என்று மார்ஜ் நினைக்கிறாள். அவன் உண்மையிலேயே உடைந்துபோயிருக்கிறான். நாடகத்தில் வரும் அந்தப் பெண்ணுக்கு யாராவது கொஞ்சம் அன்பாக இருந்திருந்தால் போதுமே என்கிறான். பிறகு மெதுவாக, நாடகத்தின் முரட்டு ஆளும் தானும் ஒரே மாதிரி என்று அவனே கண்டுபிடிக்கிறான். மார்ஜ் சொல்லிக்காட்டவில்லை. அதுவரை நிமிடத்துக்கு ஐந்தாறு சிரிப்பு என்று ஓடிய எபிசோட் அங்கே நின்று, ஒரு கணவனை யோசிக்க விடுகிறது.

இந்த சீசனில் இதைத்தான் தேடிப் பார்க்கப்போகிறேன்: சிரிப்பை எங்கே நிறுத்துகிறார்கள் என்று.

ஜூன் 10

ஹோமர் சர்ச்சுக்குப் போக மறுக்கும் எபிசோட். ஜார்ஜ் மேயர் எழுதியது. கிளாஸ்கி சூப்போ நிறுவனத்திடமிருந்து ஃபிலிம் ரோமன் நிறுவனத்துக்கு அனிமேஷன் வேலை கைமாறியபின் வந்த முதல் எபிசோடும் இதுதான். அந்தக் காலத்தில் முக்கியமான வரைவுகள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடக்கும். இடைப்பட்ட படங்களும் வண்ணப்பூச்சும் தென் கொரியாவில். செல் எனும் கண்ணாடி போன்ற தாள்களில் கையால் வண்ணம் பூசிய காலம். 2002க்குப் பிறகுதான் முழுக்கக் கம்ப்யூட்டர் வண்ணத்துக்குப் போனார்கள். டிவிடியில் நிறுத்திப் பார்த்தால் வண்ணத்தின் லேசான ஏற்ற இறக்கம் தெரிகிறது. எனக்கு அது பிடிக்கும்.

கடும் குளிர் ஞாயிறு. குடும்பம் நடுங்கிக்கொண்டு பிரசங்கம் கேட்கிறது. ஹோமர் வீட்டுக் கதகதப்பில் வாஃபிள் சுட்டு, முழு வெண்ணெய்க் கட்டி ஒன்றை அதில் சுற்றித் தின்கிறான். கனவில் கடவுளே வந்து பேசுகிறார். சிம்ப்சன்ஸ் உலகில் எல்லோருக்கும் நான்கு விரல். கடவுளுக்கு மட்டும் ஐந்து. சின்னப் பிள்ளையாக இருந்தால் இதை முதலில் பார்த்துவிடும். மகளும் அதைத்தான் முதலில் சொன்னாள்.

ஊரில் கடை நடத்தும் இந்தியரான அபுவின் கடையில் இருக்கும் பிள்ளையார் இந்த எபிசோடில்தான். ஹோமர் அவருக்கு வேர்க்கடலை நீட்டுகிறான். என் சாமிக்குக் கடலை கொடுக்காதே என்கிறான் அபு. மதங்களைப் பங்கு வைத்தபோது நீ ஒதுங்கப் போயிருப்பாய் என்று ஹோமர் அவமதிக்கும்போது, அபு பதிலுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே போ, மறுபடி வா என்கிறான். வீடு பற்றி எரியும்போது தன்னார்வத் தீயணைப்பு வீரனாக வந்து நிற்பதும் இதே அபு. கிறிஸ்தவரும் யூதரும் ‘இதர பிரிவினரும்’ என்று பாதிரியார் அடுக்க, “இந்து! 70 கோடிப் பேர் இருக்கிறோம்” என்று கத்துகிறான். ஆகா பிரமாதம் என்று பாதிரியார் தட்டிக்கொடுக்கிறார்.

அபுவின் அந்த உச்சரிப்பால் அமெரிக்காவில் வளர்ந்த எத்தனையோ தெற்காசியப் பிள்ளைகள் பள்ளியில் கேலிக்கு ஆளானார்கள். நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் அதை ஆவணப்படமாகவே எடுத்தார். ஹாங்க் அசாரியா 2020இல் அபுவுக்குக் குரல் கொடுப்பதை நிறுத்தியது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஒரு எபிசோடில் கேலி அபு மேல் விழவில்லை. அடுத்தவன் சாமி என்ன ஏது என்று தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை என்று நினைக்கிற ஊர்மேல் விழுகிறது. அந்த 70 கோடி வசனத்துக்கு நான் கைதட்டினேன்.

ஜூன் 12

ஹாலோவீன் கதைகள், எலி பூனை சினிமா, மார்ஜ் அணு உலையில் வேலைக்குச் சேர்வது: மூன்றையும் ஒரே மூச்சில். நன்றாகத்தான் இருந்தன, எழுத அதிகமில்லை.

ஜூன் 14

பனி வழிக்கும் வண்டி வாங்கி ஹோமர் தொழில் தொடங்கும் எபிசோட். டான் காஸ்டெல்லனெட்டாவுக்கு 1993இல் குரல் நடிப்புக்கான எம்மி டிவி விருது இதற்குத்தான். ஹோமருக்கும், அவனோடு போட்டிக்கு வரும் குடிகார நண்பன் பார்னிக்கும் குரல் அவர் ஒருவரே. இருவரும் வாய்ச்சண்டை போடும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சத்தியமாக இரண்டு ஆள்.

அடுத்து லிசாவின் முதல் வார்த்தை. கதை பின்னோக்கி 1984 ஒலிம்பிக் சமயத்துக்குப் போகிறது. அமெரிக்கா தங்கம் வென்றால் இலவச பர்கர் என்று கிரஸ்டி அறிவிக்கிறான். சோவியத் யூனியன் போட்டியைப் புறக்கணிக்க, தங்கமாகக் குவிந்து அவனுக்கு 4.4 கோடி டாலர் நஷ்டம். நடந்த சரித்திரத்தைக் கதைக்குள் இவ்வளவு லாகவமாகச் செருகிய எழுத்து குறைவு. இன்னொரு பக்கம், தங்கை பிறந்ததால் தொட்டிலை இழந்த பார்ட்டுக்கு ஹோமர் கையாலேயே செய்த கோமாளிக் கட்டில். இருட்டில் அந்தக் கட்டிலின் முகம் எவ்வளவு பயங்கரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லிசாவின் முதல் வார்த்தை அண்ணன் பெயர். அம்மாவை அம்மா என்கிற குழந்தை, அப்பாவை மட்டும் ஹோமர் என்றே கூப்பிடுகிறது. இன்றைய காலத்துக்குத் திரும்பினால், ஹோமர் கடைக்குட்டி மேகியைத் தூங்க வைக்கிறான். பிள்ளைகள் சீக்கிரம் பேசினால் சீக்கிரம் எதிர்த்துப் பேசும், நீ பேசவே வேண்டாம்மா என்கிறான். விளக்கை அணைத்து, கதவைச் சாத்துகிறான். மேகி வாயிலிருக்கும் சூப்பானை எடுத்துவிட்டு “டாடி” என்கிறாள். சூப்பானைத் திரும்ப வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறாள். அந்த ஒற்றைச் சொல்லுக்குக் குரல் ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர். கேட்டுவிட்டு ஹோமர் ஓடி வந்து கட்டிப்பிடிப்பதாக வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வைக்கவில்லை. அவனுக்குத் தெரியாமலே போய்விட்டது, நமக்குத் தெரியும்.

ஜூன் 17

மாரடைப்பு எபிசோட். டாக்டர் ஹிபர்ட் ஆபரேஷனுக்கு 30,000 டாலர் ஆகும் என்கிறார், கேட்டதும் ஹோமருக்கு நெஞ்சு மறுபடி அடைக்க, இப்போது 40,000 என்கிறார். கடைசியில் டிவி விளம்பரத்தில் 129 டாலர் 95 சென்ட்டுக்குச் செய்வதாகச் சொல்லும் டாக்டர் நிக்கிடம் போகிறார்கள். மருத்துவச் செலவை நினைத்து இரவில் தூக்கம் தொலைத்த எந்தக் குடும்பத்துக்கும் இந்த நகைச்சுவையின் கனம் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன் பிள்ளைகளிடம் பேச வேண்டும். ஹோமருக்கு வார்த்தை வரவில்லை. லிசாவிடம் சொல்ல வேண்டியதை பார்ட் அவன் காதில் ஓதுகிறான். முதலில் நீ தத்துப்பிள்ளை, உன்னை எனக்குப் பிடிக்காது என்று குறும்பாக ஓதிவிட்டு, உடனே: கவலைப்படாதே, உன்மேல் பாசமுள்ள அண்ணன் ஒருவன் இருக்கிறான், எப்போதும் உன்னைப் பார்த்துக்கொள்வான். அண்ணன் தங்கைக்கு நேராகச் சொல்ல முடியாத ஒன்று அப்பாவின் வாய் வழியாகப் போய்ச் சேர்கிறது. மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு மோனோரயில். கோனன் ஓபிரையன் எழுதியது, கமெண்டரியிலும் அவர் பேசுகிறார். அணுக்கழிவைப் பூங்காவில் ஒளித்ததற்காக அணு உலை முதலாளி பர்ன்ஸ் கட்டிய 30 லட்சம் டாலர் அபராதம் ஊர்க் கையில் இருக்கிறது. குண்டும் குழியுமான தெருவைச் சரிசெய்யலாம் என்கிறாள் மார்ஜ். ஊரும் சம்மதிக்கும் தறுவாயில் லைல் லான்லி என்ற ஏமாற்றுக்காரன் எழுந்து ஒரு பாட்டுப் பாடி மோனோரயிலை விற்றுவிடுகிறான். ஃபில் ஹார்ட்மன் குரலில் அந்தப் பாட்டைக் கேட்டால் நானும் காசு கொடுத்திருப்பேன். பிரபல விருந்தினராக முதலில் ‘ஸ்டார் டிரெக்’ நடிகர் ஜார்ஜ் டகேயைக் கேட்டிருக்கிறார்கள். அவர் நிஜத்தில் தெற்குக் கலிஃபோர்னியப் பொதுப் போக்குவரத்துக் கழகத்தின் குழுவில் இருந்தவர், பொதுப் போக்குவரத்தைக் கிண்டல் செய்ய மனமில்லை என்று மறுத்துவிட்டார். அதே தொடரில் நடித்த லெனர்ட் நிமோய் வந்தார். இங்கே சிரிப்பு எங்கேயும் நிற்கவில்லை, நிற்கவும் வேண்டாம். 22 நிமிடத்தில் ஒரு ஊர் தானாக ஏமாறுவதை இதைவிடச் சுத்தமாக யாரும் சொன்னதில்லை என்பது என் முடிவு.

ஜூன் 20

ரால்ஃப் என்ற சிறுவனுக்கு வகுப்பில் யாருமே காதலர் தின வாழ்த்து அட்டை தரவில்லை. பாவம் பார்த்து லிசா ஒன்று தருகிறாள். அவன் அதைக் காதல் என்று நம்பிவிடுகிறான். நேரலை நிகழ்ச்சியில் எல்லோர் முன்னாலும் லிசா அவனை உதறிப் பேசுகிறாள். பார்ட் அந்தப் பதிவை மெதுவாக ஓட்டி, அவன் நெஞ்சு இரண்டாகக் கிழியும் அந்த வினாடியையே நிறுத்திக் காட்டுகிறான். கொடுமையான நகைச்சுவை; ஆனால் லிசாவின் முகத்தைப் பாருங்கள், அவளுக்கு அது பாடம்.

இன்றுதான் பீர் எபிசோடும். மதுவை ஒரு மாதம் விட்டுவிட ஹோமர் மார்ஜிடம் வாக்குக் கொடுக்கும் கதை. தொடக்கத்தில் டஃப் பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். டஃப், டஃப் லைட், டஃப் ட்ரை என்று மூன்று பெரிய தொட்டிகள். மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாய். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. படத்தின் மேல் விளிம்பில் அந்தக் குழாய் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் வந்தபோது பழைய சதுரப் படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிப் போட்டார்கள். குழாய் போய்விட்டது, நகைச்சுவையும் போய்விட்டது. ரசிகர்கள் சத்தம் போட்டபின் 2020 மே மாதம் பழைய அளவையும் சேர்த்தார்கள். டிஸ்க்கை நிறுத்தி மகளுக்கு அந்தக் குழாயைக் காட்டினேன். “ஐயோ, மூணும் ஒண்ணுதானா!” என்றாள். வரைந்தவர் விளிம்புவரை யோசித்து வரைந்திருக்கிறார். விளிம்புவரை பார்ப்பதுதான் அவருக்கு நாம் தரும் மரியாதை.

மாதம் முடிகிறது. ஹோமர் மதுக்கடைக்குப் போய், அங்கே கிடப்பவர்களைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து மார்ஜை சைக்கிளில் ஏற்றிக்கொள்கிறான்.

ஜூன் 23

தொழிற்சங்க எபிசோட். பர்ன்ஸ் பல் மருத்துவத் திட்டத்தை ஒப்பந்தத்திலிருந்து எடுக்கப் பார்க்கிறான். பதிலுக்கு ஒரு பீப்பாய் பீர் என்றதும் தொழிலாளிகள் முண்டியடிக்கிறார்கள். ஹோமர் மண்டைக்குள் இரண்டு குரல் மாறி மாறி ஒலிக்கின்றன: ‘பல் திட்டம்’, ‘லிசாவுக்குப் பல் கம்பி வேணும்’. அந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று அவனுக்கு உறைக்கும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. மகளின் பல் என்ற ஒரு சொந்தக் கவலையிலிருந்து ஒரு மனிதன் சங்கத் தலைவனாகிறான். சங்கம் எதற்கு என்று இதைவிட நேராகச் சொல்ல வழியில்லை. பர்ன்ஸ் ஊர் மின்சாரத்தையே நிறுத்தியபின், இருட்டில் லிசா கிட்டார் எடுத்துப் பாட, தொழிலாளிகள் கூடவே பாடுகிறார்கள். இந்த சீசனில் எனக்கு முதல் இடம் இதற்குத்தான்.

பழைய காட்சிகளைக் கோத்த எபிசோட், தாத்தா பெயரில் பிள்ளைகள் கதை எழுதுவது, பாம்பு வேட்டை நாள், மார்ஜ் சிறைக்குப் போவது. பாம்பு எபிசோடில் பாடகர் பேரி வைட்டின் அடிக்குரல் பாம்புகளைக் காப்பாற்றுகிறது. பார்த்தாயிற்று.

ஜூன் 24

கடைசி எபிசோட். போட்டி நிகழ்ச்சியில் வரும் கேபோ என்ற பேசும் பொம்மையால் கிரஸ்டியின் நிகழ்ச்சி நின்றுபோகிறது. பார்ட்டும் லிசாவும் பிரபலங்களைத் திரட்டி அவனைத் தூக்கி நிறுத்துகிறார்கள். ஜானி கார்சன், பெட் மிட்லர், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் எல்லாம் வருகிறார்கள். எலிசபெத் டெய்லர் இம்முறை அவராகவே. ஏஜென்ட் மறுத்துவிட்டதால் மேடைக்கு வராமல் வீட்டிலிருந்து டிவியில் பார்த்து, அந்த ஆளை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்கிறார்.

பிரபலங்கள் கூடிய எபிசோட் கொஞ்சம் மேலோட்டம்தான். ஆனாலும் தோற்றுப்போன ஒரு கோமாளிக்காக இரண்டு குழந்தைகள் வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்களே, அது போதும் எனக்கு. இதோடு தொடரை நடத்திவந்த அல் ஜீனும் மைக் ரைஸும் பொறுப்பிலிருந்து விலகினார்கள், கோனன் ஓபிரையனும் அதே ஆண்டில் இரவு டிவி நிகழ்ச்சி நடத்தப் போய்விட்டார், தொடக்கம் முதல் இருந்த இன்னும் சிலரும் கிளம்பினார்கள். ஐந்தாவது சீசன் டேவிட் மிர்கின் கையில். அத்தானுக்கு இன்று காலை போன் போட்டு, அந்தப் பெட்டியும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.