கூம்பின் சாயுயரமும் ஆச்சியின் கருப்பட்டியும்: தொகுதி 4 தேர்வுக்கான பரப்பளவுக் கணக்குகள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வின் முடிவு சென்ற வாரம் வந்தது. தரவரிசையைப் பார்த்ததும் அம்மா அழுதுவிட்டார். எனக்கோ, முந்தைய முயற்சியில் தவறவிட்ட ஒரு கூம்புக் கணக்குதான் முதலில் நினைவுக்கு வந்தது. எண்களைச் சற்று எளிதாக்கித் தருகிறேன். ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ. உள்ள கூம்பின் வளைபரப்பைக் கேட்டிருந்தார்கள். சூத்திரம் πrl (r ஆரம், l சாயுயரம், அதாவது கூம்பின் நுனியிலிருந்து அடி விளிம்பு வரையுள்ள சாய்வான நீளம்) என்பது தெரிந்திருந்தும், அவசரத்தில் l இருக்க வேண்டிய இடத்தில் உயரத்தைப் போட்டு 528 என்று கண்டேன். விடைகளில் 528 இருந்ததால் சந்தேகமே எழவில்லை. வட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன். ஆரத்தின் வர்க்கம் 49-உம் உயரத்தின் வர்க்கம் 576-உம் சேர்ந்தால் 625, அதன் வர்க்கமூலம் 25, ஆகவே சாயுயரம் 25, விடை 550. அதுவும் பக்கத்திலேயே இருந்தது. ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண்தான் என்றாலும், அந்த ஒன்றரைக்குள் எத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது இத்தேர்வை எழுதிய எல்லோருக்கும் தெரியும்.

தவறாகச் செய்தால் என்ன விடை வரும் என்பதைக் கணக்கிட்டே மற்ற விடைகளை அமைக்கிறார்கள் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். நமக்கு வந்த எண் விடைகளில் இருக்கிறது என்பதனாலேயே அது சரியாகிவிடாது. பரப்பளவுப் பகுதியில் இதைவிட முக்கியமான செய்தி வேறொன்றும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

இந்த முறை ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். சூத்திரத்தை எழுதுவதற்கு முன்னால், வினாத்தாளின் ஓரத்தில் உருவத்தைச் சிறிதாக வரைந்து, கேட்கப்படும் பரப்பு எந்தெந்த முகங்களில் இருக்கிறது என்று கோடிட்டுக் கொள்வேன். அந்தப் பொருளைக் கையால் தடவினால் எங்கெல்லாம் கை படும் என்று யோசித்தாலே போதும்.

இந்த யோசனை எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. திசையன்விளைப் பக்கம் என் ஆச்சி கருப்பட்டி காய்ச்சுவார். மணலில் வரிசையாகப் பதித்து வைத்த சிரட்டைகளில் பதநீர்ப் பாகை ஊற்றி, ஆறி இறுகியதும் தட்டி எடுப்பார். விடுமுறையில் அங்கே புத்தகத்தோடு உட்கார்ந்து, அரைக்கோளத்துக்கு 2πr² எப்போது, 3πr² எப்போது என்று புலம்பிக்கொண்டிருந்தபோது, ஆச்சி ஒரு கருப்பட்டியைக் கையில் கொடுத்து, "ஏட்டி, சிரட்டை வாய் பொளந்துல்லா கெடக்கு, கருப்பட்டிக்குத்தானே தட்டையா ஒரு பக்கம் இருக்கு" என்றார். சிரட்டையின் உட்புறம் வளைபரப்பு மட்டுமே, 2πr². கருப்பட்டி திண்மம், ஓலையில் பொதிய வேண்டுமானால் தட்டையான வட்டத்தையும் சேர்த்து 3πr². அதன்பின் இந்தக் குழப்பம் எனக்கு ஒருமுறைகூட வரவில்லை.

உருளையையும் அப்படியே புரிந்துகொண்டேன். எங்கள் ஊரான சேரன்மகாதேவிக்கு அருகில்தான் பாய்க்குப் பெயர்போன பத்தமடை. ஒரு பாயை ஓரத்தோடு ஓரம் சேர்த்து வளைத்து நிறுத்தினால் உருளை; விரித்தால் செவ்வகம். அந்தச் செவ்வகத்தின் நீளம் வட்டத்தின் சுற்றளவாகிய 2πr, அகலம் உயரம் h. ஆகவே 2πrh. மூடியும் அடியும் இருந்தால்தான் 2πr² சேரும்.

அடிக்கடி சறுக்க வைக்கும் இடங்கள்:

- வாளி என்றால் இடைக்கண்டம் (நுனியை வெட்டி எடுத்த கூம்பு), மேலே திறந்திருக்கும். சாயுயரம் காணும்போது உயரத்தின் வர்க்கத்தோடு சேர வேண்டியது R − r-இன் வர்க்கம் (R பெரிய ஆரம், r சிறிய ஆரம்). பலர் R + r போடுகிறார்கள்.
- உருளையின்மேல் கூம்பு வைத்த கூடாரத்துக்குத் துணி கேட்டால் இரண்டு வளைபரப்புகள் மட்டும். இணையும் இடத்திலுள்ள வட்டம் எதிலும் சேராது.
- வட்டத்தின் ஆரம் 10% கூடினால் பரப்பு 21% கூடும், 20% அன்று. ஆரம் 20% குறைந்தால் பரப்பு 36% குறையும்.
- செவ்வக வயலைச் சுற்றி வெளியே நடைபாதை என்றால் பாதையின் அகலம் இரு பக்கமும் கூடும்; பாதையின் பரப்பு 2w(l + b + 2w). இங்கே l, b வயலின் நீளமும் அகலமும், w பாதையின் அகலம்.
- ஒரு சதுர மீட்டர் 10,000 சதுர செ.மீ.; ஒரு சென்ட் 435.6 சதுர அடி.
- விடைகளில் π இருந்தால் 22/7 போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சமச்சீர்ப் புத்தகங்களில் ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள அளவியல் பாடங்கள் போதும். மூன்று பக்கங்களின் நீளத்தை வைத்தே முக்கோணத்தின் பரப்பைத் தரும், ஒன்பதாம் வகுப்பின் ஹெரான் சூத்திரத்தைத் தள்ளிவிடாதீர்கள். 13, 14, 15 பக்கங்கள் கொண்ட முக்கோணத்தின் பரப்பு 84 என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் அது மறக்காது. குறுக்குவழிக் காணொளிகள் எனக்கு உதவவில்லை. நான் நிதானமாகச் செய்கிறவள். வேகமாகப் போடுகிறவர்களுக்கு அவை உதவக்கூடும்.

தேர்வறையில் திறனறிவின் 25 வினாக்களையும் முதலிலேயே முடித்துவிட்டேன். கடைசியில் வைத்துக்கொண்டால் பதற்றம் வந்துவிடும், பதற்றம் வந்தால் உயரமும் சாயுயரமும் ஒன்றாகத் தெரியும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எதையும் விடாமல் எழுதலாம்; ஆனால் அளவியல் வினாவை மட்டும் ஊகித்து நிரப்பாமல், ஓரத்தில் படம் வரைந்த பிறகே வட்டத்தைத் தொடுங்கள். இம்முறை என் வினாத்தாளின் ஓரங்களில் ஐந்து சிறு படங்கள் இருந்தன. உத்தேச விடைகள் வெளியானபோது அந்த ஐந்தும் சரியாக இருந்தன.